ஒன்றியத்தின் வாயிலில் இலங்கை

சிவனொளிபாத மலைக்கு அண்மையில், தேயிலைக் குன்றுகள் சூழ அமைந்தது மஸ்கெலியாப் பள்ளத்தாக்கு. இன்று மவுசாக்கலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும் இடத்திலேதான் பழைய மஸ்கெலியா நகரம் இருந்தது. 1969ஆம் ஆண்டில் அணை கட்டப்பட்டு நீர் தேங்கியபோது அந்நகரம் நீருள் மறைந்தது. மக்கள் மேட்டு நிலத்திலே புதிய நகரம் அமைத்துக்கொண்டனர். ஆயினும் கடும் வரட்சி வந்து நீர் வற்றுங்காலத்தில் பழைய வழிபாட்டிடங்களின் சுவர்களும் கற்களும் மீண்டும் தலைகாட்டுகின்றன. நீர் அவற்றை மறைத்ததேயன்றி அழித்துவிடவில்லை.

நாடுகளின் வரலாற்றிலும் இத்தகைய காட்சி உண்டு. ஒரு நாடு தன் அயல்நாடுகளோடு சேர்ந்து ஓர் ஒன்றியத்திலே இடம்பெற விரும்புகிறது; வாயிலில் வந்து நிற்கிறது. அப்போது அது தன் வீட்டினுள்ளே மறைத்து வைத்த வழக்குகள் ஒவ்வொன்றாக மேலெழுகின்றன. வாயிலில் உள்ள தடைகள் சில. வீட்டிலிருந்தே கொண்டுவரப்படும் தடைகள் சில. இவ்விரண்டையும் பிரித்தறிய இலங்கையின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அந்த வரலாற்றின் நடுவே நிற்பவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் என்பது பலர் நினைவில் இல்லாத உண்மை.

வாயிலில் உள்ள தடைகள் யாவை என்பதை முதலில் நோக்குதல் தகும். ஒன்றியம் எதுவாயினும் அதன் கதவுக்கு நான்கு தாழ்கள் உண்டு எனலாம். முதலாவது இடம்: நாடு அந்தப் பிராந்தியத்திலே அமைந்திருக்க வேண்டும். இரண்டாவது இசைவு: உள்ளே இருப்போர் அனைவரும் ஒப்ப வேண்டும். மூன்றாவது ஆற்றல்: கூட்டங்களுக்கு அதிகாரிகளை அனுப்பவும், உடன்படிக்கைகளை நிறைவேற்றவும், சந்தையைத் திறந்துவிடவும் வல்லமை வேண்டும். நான்காவது ஒழுங்கு: நாட்டின் சட்டமும் ஆட்சியும் ஒன்றியத்தின் கொள்கைகளோடு பொருந்த வேண்டும்.

இரண்டாவது தாழின் வலிமையைப் பிரித்தானியாவே அனுபவித்தது. 1961ஆம் ஆண்டில் அது ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர விண்ணப்பித்தது. 1963 ஜனவரியில் பிரான்சின் அதிபர் டி கோல் மறுத்தார். 1967 நவம்பரில் மீண்டும் மறுத்தார். உலகப் பேரரசாக விளங்கிய நாடு, ஒரு மனிதரின் மறுப்பினால் 1973 ஜனவரி வரை வாயிலிலே காத்துநின்றது. மூன்றாவது தாழுக்குச் சான்று கிழக்குத் திமோர். 2011ஆம் ஆண்டில் ஆசியான் அமைப்பிற் சேர விண்ணப்பித்த அச்சிறு நாடு, 2025 ஒக்டோபரிலேதான் பதினோராவது உறுப்பு நாடாக ஏற்கப்பட்டது. அமைப்பின் பல நூறு கூட்டங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் ஈடுகொடுக்கும் வல்லமை அதற்கு உண்டா என்ற ஐயமே அதன் பதினான்கு ஆண்டுக் காத்திருப்புக்குப் பெருங்காரணமாயிற்று.

இனி இலங்கையின் கதைக்கு வருவோம். இலங்கை முதன்முதலில் கண்ட வாயில் இந்தியாவினுடையது. 1796ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, சில ஆண்டுகள் சென்னையிலிருந்தே அவற்றை ஆண்டது. 1802இல் இலங்கை தனி முடிக்குரிய குடியேற்ற நாடாக்கப்பட்டது. அன்று தொடங்கிய பிரிவு நிலைத்துவிட்டது. எனினும் ஆட்சி பிரிந்தபோதும் மக்கள் போக்குவரத்து நிற்கவில்லை. முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் வழியாகத் தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். அவர்கள் காடு வெட்டினர். மலைச்சரிவுகளிலே தேயிலை நட்டனர். லயங்களிலே பிள்ளை பெற்று வளர்த்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளையர் ஆட்சி முடியப்போகிறது என்பது தெளிவானபோது, இந்தியாவும் இலங்கையும் எவ்வாறு உறவு கொள்ளும் என்ற வினா எழுந்தது. இலங்கை, தன்னாட்சியுடைய ஓர் அலகாக இந்தியக் கூட்டாட்சியோடு இணையக்கூடும் என்ற கருத்தை 1945ஆம் ஆண்டளவில் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார். கொழும்பிலே அக்கருத்து வரவேற்பைப் பெறவில்லை. பெரிய நாட்டோடு சேரும் சிறிய நாடு சேருகிறதா, கரைந்துபோகிறதா என்ற அச்சம் அங்கே இருந்தது. இந்த அச்சம் இயல்பானதே. ஆனால் அவ்வச்சத்துக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. அந்த உருவமாகக் காட்டப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்களே.

இது திடீரென நிகழ்ந்ததன்று. 1939ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை நீக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் நேரு கொழும்புக்கு வந்து பேசினார், பயன் விளையவில்லை. அவருடைய வருகையின்போதே இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1939 ஆகஸ்டு முதலாந் திகதி தொடக்கம் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. வர்த்தகப் பேச்சையும் நிறுத்திவைத்தது. 1940 நவம்பரில் டில்லியிலே கூடிய மாநாடு, தோட்டத் தொழிலாளரின் உரிமை எது என்ற கேள்வியிலேயே முறிந்தது. 1941 செப்டெம்பரில் கொழும்பிலே ஓர் இணக்கம் எழுதப்பட்டது. இந்திய அரசாங்கம் அதனை உறுதிசெய்யவில்லை. இரு நாடுகளிடையே சுங்கமும் வர்த்தகமும் போக்குவரத்தும் பேசப்பட வேண்டிய மேசையில், தேயிலைச் செடியின் கீழ் வேலைசெய்த மக்களின் கேள்வி முதலிடம் பெற்றது. அது தீராமல் வேறெதுவும் தீரவில்லை.

எதிர்த்தரப்பின் மனத்தையும் அறிந்துகொள்வது நீதியாகும். கண்டிச் சீமையின் சிங்களக் கிராமத்தவர் 1840ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டத்தினாலும் பெருந்தோட்டங்களின் பரவலினாலும் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தவர்கள். அவர்களுடைய குறை பொய்யன்று. அக்குறையை உண்டாக்கியவர்கள் ஆட்சியாளரும் தோட்ட உடைமையாளரும் ஆவர். ஆயினும் கண்முன்னே தெரிந்தவர்கள் தொழிலாளர். பழி அவர்கள்மீதே விழுந்தது.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் என வகுக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 7,80,000. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே அவர்களுள் வாக்குரிமை பெற்றிருந்தோர் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும், மஸ்கெலியாவிலிருந்து ஜி. ஆர். மோத்தாவும் சென்றனர். மஸ்கெலியாத் தோட்டங்களின் ஆண்களும் பெண்களும் தம் கையால் இட்ட வாக்கினால் சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம் பெற்றார்கள் என்பது சிறிய செய்தியன்று.

அது நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டன் பூட்டனோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவே அரிது. அவனுடைய பாட்டனுக்குப் பதிவு எங்கே இருக்கும்? 1949ஆம் ஆண்டில் இந்தியர் பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே. அதே ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்தார் ஒருவரேனும் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பிற் பாராளுமன்றம் புகவில்லை. யாழ்ப்பாணத்துத் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் இச்சட்டத்தின் பொருட்டே தம் கட்சித் தலைமையோடு முரண்பட்டு, 1949 டிசெம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

இவ்வாறு, அயல்நாட்டின் மீது இருந்த அச்சம் உள்நாட்டு மக்கள்மீது சட்டமாக இறங்கியது. அதே அச்சம் 1947 நவம்பரில் பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்யவும் இலங்கையைத் தூண்டியது. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத்தளமும் 1957 வரை பிரித்தானியப் படையின் பாவனையில் இருந்தன. அதற்கும் விலை இருந்தது. 1948இல் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை கேட்டபோது, பிறநாட்டுப் படை தங்கியிருக்கும் நாடு உண்மையில் சுதந்திர நாடுதானா என்று கேட்டு சோவியத் ஒன்றியம் தடுத்தது. 1955 டிசெம்பரிலேதான் கதவு திறந்தது. ஒரு வாயிலுக்கு அஞ்சிச் செய்த காரியம் இன்னொரு வாயிலை ஏழாண்டு அடைத்தது.

இரண்டாவது பெரிய வாயில் ஆசியான். 1967 ஆகஸ்டு 8ஆந் திகதி பாங்கொக் நகரிலே இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஒப்பமிட்டன. சிங்கப்பூரின் சார்பில் ஒப்பமிட்ட அமைச்சர் எஸ். இராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலே பிறந்தவர். பிறந்த ஊரின் நாடு அன்று அந்த மேசையில் இல்லை. சேரும் வாய்ப்பு இலங்கைக்கு எட்டியிருந்தும் அணிசேராக் கொள்கையை முன்னிட்டு அது விலகி நின்றது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. பிலிப்பைன்சும் தாய்லாந்தும் அந்நாளில் அமெரிக்காவோடு இராணுவ உடன்படிக்கை கொண்டிருந்தன. வியட்நாமிற் போர் நடந்துகொண்டிருந்தது. ஆகவே அத்தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறிற்று; பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது; சிங்கப்பூர் முன்மாதிரியாயிற்று. 1980களின் தொடக்கத்தில் இலங்கை தானே சென்று ஆசியானின் கதவைத் தட்டியது. இம்முறை கதவு திறக்கவில்லை. தென்கிழக்காசியாவுக்குப் புறத்தே உள்ள நாடு என்ற முதலாவது தாழ் விழுந்தது. 2008 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனம், உறுப்பு நாடு தென்கிழக்காசியாவிலே அமைந்திருத்தல் வேண்டும் என்பதனை முதல் நிபந்தனையாகவே எழுதிவிட்டது. ஆகையால் அவ்வழி இனி இல்லை. 2007ஆம் ஆண்டில் ஆசியானின் பாதுகாப்புப் பேச்சு மன்றத்தில் மட்டும் இலங்கைக்கு இடம் கிடைத்தது.

இடம் என்னும் தாழ் ஒருபுறம் இருக்க, இலங்கை எந்நிலையில் அவ்வாயிலில் நின்றது என்பதும் எண்ணத்தக்கது. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தோட்டப் பகுதிகளிலே தொழிலாளர் தாக்கப்பட்டனர். 1983 ஜூலையில் கொழும்பு முதலாகப் பல இடங்கள் எரிந்தன. அமைதியான அயலவரோடு சேர்ந்து வாழ விரும்புவதாகச் சொன்ன வீட்டின் கூரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வாயில் சார்க். 1985 டிசெம்பர் 8ஆந் திகதி டாக்கா நகரிலே தோன்றிய இவ்வமைப்பிற் சேர இலங்கை எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது தொடக்க உறுப்பு நாடுகள் ஏழனுள் ஒன்று. எனினும் வாயிலிலே தடையின்றி நுழைந்தவர் உள்ளே தடையின்றி வாழ்வர் என்பதில்லை. சார்க் சாசனம் எல்லா முடிவுகளும் ஏகமனதாக இருத்தல் வேண்டும் என்கிறது. இரு நாடுகளிடையே உள்ள சர்ச்சைகளை அங்கே பேசுதல் ஆகாது என்றும் விதிக்கிறது. பேசாமல் விடப்பட்ட சர்ச்சைகளே அமைப்பை முடக்கின. இலங்கையில் இந்திய அமைதிப்படை நிலைகொண்டிருந்த நிலையில், 1989இல் கொழும்பிலே கூடவேண்டிய உச்சிமாநாடு கூடவில்லை. ஐந்தாவது மாநாடு 1990 நவம்பரில் மாலைத்தீவிலே நடைபெற்றது. பிற்காலத்தில் இந்திய பாகிஸ்தான் பகையினாலும் சார்க் நலிந்தது. 2014ஆம் ஆண்டுக் காத்மாண்டு மாநாட்டுக்குப் பின்னர் உச்சிமாநாடு நடைபெறவில்லை.

மலையக மக்களின் வழக்கோ இக்காலம் முழுவதும் கொழும்புக்கும் டில்லிக்கும் இடையே உருண்டுகொண்டிருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் கணக்கெடுக்கப்பட்டனர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுந்த 1,50,000 பேர் பின்னர் பேசப்படுவதற்கு. 1974இல் அம்மிச்சமும் சரிபாதியாக்கப்பட்டது. ஒப்பமிட்டோருள் அம்மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. தலைமன்னாரிலே கப்பலேறிய குடும்பங்களுள் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் என்று பிரிந்தவை பல. இறுதியில் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலே நாடற்றோர் நிலை முடிவுக்கு வந்தது. 1948 முதல் 2003 வரை கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இதே வழக்கு வேறொரு ஒன்றியத்தின் வாயிலில் எவ்வாறு நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். பால்டிக் கடலோரத்தில் லத்வியா என்னும் சிறு நாடு உண்டு. அது 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியத்திலிருந்து மீண்டும் விடுதலை பெற்றது. 1940ஆம் ஆண்டுக்கு முன் குடிகளாயிருந்தோருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் மாத்திரமே அது குடியுரிமை அளித்தது. சோவியத் காலத்திலே தொழிற்சாலைகளுக்கும் பிற வேலைகளுக்கும் வந்து குடியேறிய ரஷ்ய மொழியாளர் முதலானோர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றோர் போலாயினர். பெரிய அண்டை நாட்டின் மீதுள்ள அச்சம், அந்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் மீது சட்டமாக இறங்கியது. மஸ்கெலியாவில் இருப்போருக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் லத்வியா ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர விரும்பியது. அவ்வொன்றியம் 1993ஆம் ஆண்டு கோபன்ஹேகனிலே வகுத்த நிபந்தனைகளுள் சிறுபான்மையோரை மதித்தலும் பாதுகாத்தலும் ஒன்று. 1997 டிசெம்பரில் முதற் பேச்சுக்கு அழைக்கப்பட்ட நாடுகளுள் லத்வியா இல்லை. அதன்பின் அங்கே சட்டம் தளர்த்தப்பட்டது. 1991 ஆகஸ்டுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தது. 1998 ஒக்டோபரில் மக்கள் வாக்கெடுப்பும் அதனை ஏற்றுக்கொண்டது. 2004 மே முதலாந் திகதி லத்வியா ஒன்றியத்தினுள் நுழைந்தது. குடியுரிமையற்றோர் இன்றும் ஒரு இலட்சத்துக்கு மேல் அங்கே உளர். எனவே வாயிற்காவலன் எல்லா நோயையும் தீர்த்துவிட்டான் என்பதற்கில்லை. எனினும் வாயிலிலே கேட்கப்பட்ட கேள்வி, வீட்டினுள்ளே ஏழாண்டில் ஒரு கதவைத் திறப்பித்தது.

கேள்வி கேட்கும் ஒன்றியத்திலும் குறை உண்டு. வட மக்கெடோனியாவைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டிலேயே வேட்பு நாடாக ஏற்கப்பட்ட அது, கிரேக்கத்தின் மறுப்பினால் 2019இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அதன்பின் பல்கேரியா எழுந்து, பல்கேரிய இனத்தவரை அரசியலமைப்பிலே குறிப்பிட வேண்டும் என்றது. நீதியான கேள்வியும் தன்னலமான கேள்வியும் ஒரே வாயிலில், ஒரே குரலில் கேட்கப்படுவது உண்டு. விண்ணப்பித்த நாடே அவற்றைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

இலங்கைக்கும் லத்வியாவுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படும். இலங்கை நின்ற வாயில்களில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆசியானும் சார்க்கும் பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடாமையைத் தம் முதற் கொள்கையாகக் கொண்டவை. இந்தியா கேட்டது உண்மையே. ஆனால் அது ஒன்றியமாக நின்று கேட்கவில்லை. பெரிய அயலவனாக நின்று கேட்டது. அதனால் அக்கேள்வி அச்சத்தைக் குறைக்காமல் கூட்டியது. பொதுவான சட்டத்தின் பெயரால் பலர் கூடிக் கேட்பது வேறு. பலசாலி ஒருவன் தனியே கேட்பது வேறு. முன்னையதற்கு இணங்குவோன் தன் மானத்தை இழப்பதில்லை. பின்னையதற்கு இணங்கினால் தோற்றதாகவே எண்ணுகிறான்.

ஆகவே வாயிற்காவலன் கேட்காத இடத்தில், வீட்டிலுள்ளோரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றத்தின் எல்லாத் தரப்பினரும் ஏற்றுக்கொண்டனர். எந்த ஒன்றியமும் அதற்கு நெருக்குதல் செய்யவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னரே அவ்வாறு செய்திருக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. இன்று இலங்கை வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பில் உறுப்பு நாடு; அதன் சாசனம் 2022 மார்ச்சில் கொழும்பு உச்சிமாநாட்டிலேயே ஒப்பமிடப்பட்டது. சிங்கப்பூரோடு 2018இலும் தாய்லாந்தோடு 2024இலும் வர்த்தக ஒப்பந்தங்கள் செய்யப்பட்டுள்ளன. பெரிய வாயிலில் இடம் கிடைக்காதவர் சிறு சாளரங்களை நாடுவது இயல்பே. அச்சாளரங்களின் வழியே ஏற்றுமதியாகும் பொருள்களுள் மலைநாட்டுத் தேயிலையும் ஒன்று. அதனைக் கொய்யும் கைகளுக்கு வாக்குச்சீட்டு உண்டு. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காணி உறுதியும் சொந்த வீடும் இன்னும் எட்டவில்லை.

நாடுகளின் ஒன்றியம் என்பது அரசர்களின் திருமணமன்று, குடிகளின் உறவு. தன் குடிகள் யார் என்று துணிந்து சொல்லக்கூடிய நாடே பிறரோடு அச்சமின்றிச் சேரும். மவுசாக்கலையில் நீர் வற்றும் ஒவ்வொரு வரட்சியிலும் பழைய மஸ்கெலியாவின் கற்கள் வெளிவருகின்றன. ஒரு நாடு வாயில் ஒன்றில் நிற்கும் ஒவ்வொரு வேளையிலும் அதன் பழைய வழக்குகள் அவ்வாறே வெளிவருகின்றன. நீர்மட்டம் தாழுமுன் அவற்றைத் தாமே எடுத்துச் சீர்செய்துகொள்வோருக்கு வாயிற்காவலனிடம் அஞ்சவேண்டிய தேவை இராது.